வசிஷ்ட நதிக்கு யார் பொறுப்பு? கல்வராயன் மலை முதல் பரங்கிப்பேட்டை வரை

தலைவாசல் பக்கம் ஒரு விவசாயி. ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. போன வருடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். தண்ணீர் தொட்டியில் விழுந்ததும் நுரை கட்டியது. கையில் அள்ளி முகர்ந்து பார்த்தேன். புளித்த மாவு வாடை.

"ஏனுங்க சார், எங்கப்பா காலத்துல இந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சோம். இப்ப மாடு மூஞ்சிய வெச்சுட்டுத் திரும்பிக்குது. இதை மஞ்சளுக்குப் பாய்ச்சலாமா, கூடாதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். பதிலும் சொன்னேன். அந்தப் பதிலை இந்தக் கட்டுரையிலும் தருகிறேன். ஆனால், அவர் கேட்காத இன்னொரு கேள்வி அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கிணற்றுக்கு வந்த கேட்டுக்கு யாரிடம் போய் முறையிடுவது? மலையிலா, ஊரிலா, ஆலையிலா, அலுவலகத்திலா? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமென்றால் ஆற்றின் தலை முதல் வால் வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

மலையில் பிறந்து கடலில் முடியும் ஆறு

சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பாதிக்கு உயிர்நாடி வசிஷ்ட நதி. அருநூற்றுமலை, கல்வராயன் மலைச் சரிவுகளில் விழும் மழைதான் இதற்கு மூலதனம். வாழப்பாடி வட்டத்தில் புழுதிக்குட்டை அருகே ஆனைமடுவு அணை, உயரம் 67.25 அடி, கொள்ளளவு 267 மில்லியன் கனஅடி. பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாப்பநாயக்கன்பட்டியில் கரியகோவில் அணை, 52.49 அடி, 190 மில்லியன் கனஅடி. இந்த இரண்டு அணைகளின் தண்ணீரும் வசிஷ்ட நதிக்குத்தான் வருகிறது.

ஆற்றங்கரையில் பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் என்று ஐந்து ஊர்களில் சிவன் கோயில்கள். பஞ்சபூதத் தலங்கள் என்று மக்கள் வணங்குகிறார்கள். ஏத்தாப்பூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது.

கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து வரும் சுவேதா நதி கெங்கவல்லி வழியாக ஓடிவந்து வசிஷ்ட நதியோடு சேர்கிறது. அதற்குப் பிறகு பெயர் வெள்ளாறு. தொழுதூர் அணைக்கட்டில் வெலிங்டன் ஏரிக்குத் தண்ணீர் கொடுத்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது.

ஆக, மலைக்காடு, சமவெளி வயல், கடலோரக் காடு மூன்றும் ஒரே தண்ணீரில் கோர்க்கப்பட்டவை. நாம்தான் அவற்றை மூன்று இலாகாவாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

மேலே: சரிவில் போகும் மண்

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போனேன். சாமையும் ராகியும் போட்டுக்கொண்டிருந்த சரிவு நிலத்தில் மரவள்ளி போட்டால் காசு பார்க்கலாம் என்று பேசினேன். பேசியது பொய்யில்லை, காசு வந்தது. ஆனால், சரிவுக்குக் குறுக்கே நடவேண்டும், வரப்பில் வெட்டிவேர் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "கிழங்கு புடுங்குனா மண்ணும் கூடவே வந்துருமே, சாமி" என்றார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரவள்ளியைக் குறை சொல்வதற்கில்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் பயிர் அது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு தொடங்கியதும், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தக் கிழங்கால்தான். ஆனால், பயிரின் குணம் தெரிந்து வைக்க வேண்டும். நட்ட முதல் மூன்று மாதம் இலை விரிந்து தரையை மூடாது. அந்த நேரத்தில் அடைமழை பிடித்தால் வெறும் மண்ணில் துளி அடித்துக் கரைத்துக்கொண்டு போகும். அறுவடையில் செடியோடு பிடுங்குவதால் மண் மறுபடியும் இளகும். சரிவு நிலத்தில் இது வருடத்துக்கு இரண்டு அடி.

சாமை, தினை அப்படியில்லை. நெருக்கமாக முளைத்து, சல்லி வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சோலைக்காடு அதற்கும் மேலே. இலைச்சருகு பஞ்சு மாதிரி மழையை வாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். காடு இருந்தால் மாசியிலும் ஓடையில் தண்ணீர் கசியும். காடு போனால் ஐப்பசியில் ஒரே நாளில் வெள்ளம், தையில் வறட்சி.

கரைந்த மண் எங்கே போகும்? அணைக்குத்தான். ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லியன் கனஅடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர். ஆனைமடுவு போன்ற 267 மில்லியன் கனஅடி அணையில் பத்தில் ஒரு பங்கு வண்டல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், 75 கோடி லிட்டருக்கு மேல் இடம் போய்விடும். மலையில் ஒருவர் இழக்கும் மேல்மண், கீழே இருக்கும் ஆயக்கட்டுக்காரரின் ஒரு நனைப்புத் தண்ணீர்.

நடுவே: மூன்று ஆறும் ஒரே பட்டியலில்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுவதும் மாசுபட்ட 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு ஆறுகள் அதில் இருந்தன. அவற்றில் மிக மோசம் என்ற முதல் பிரிவில் இருந்தவை நான்கு. காவிரியை விட்டுவிட்டால் மீதி மூன்றும் நம்முடையவை: சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. மூன்றும் சேலத்து மலைகளில் பிறப்பவை.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, மல்லசமுத்திரம் வழியாக நாமக்கல் மாவட்டத்தில் ஓடி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. நகரத்துச் சாக்கடையையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு வருவதால், நாமக்கல் விவசாயிக்கு வந்து சேரும்போது அது ஆறாக இருப்பதில்லை. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. வசிஷ்ட நதியில் மணிவிழுந்தான் முதல் தியாகனூர் வரையுள்ள பகுதி பட்டியலில் வந்தது.

முதல் பிரிவு என்றால் என்ன? ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுகும் பொருளைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பதை பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு அது 3-க்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் முதல் பிரிவு. அதாவது, இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அந்தத் தண்ணீரில் மீன் மூச்சுவிட முடியாது. வயலில் பாய்ச்சினால் மண்ணின் காற்றறைகள் அடைபட்டு வேர் மூச்சுத் திணறும்.

காரணம் ஒன்றல்ல. ஊர்ச் சாக்கடை, குப்பை, கோழிக்கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்ததுதான். ஸ்டார்ச் கழிவுநீர் புளிப்பானது, மாவுச்சத்து நிறைந்தது, மரவள்ளியில் இயற்கையாக உள்ள சயனைடும் அதில் கலந்து வரும். அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் செரிக்கவைத்து, எரிவாயு எடுத்து, கொதிகலனுக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்தும் ஆலைகள் நம் மாவட்டங்களில் பல உண்டு. வழி தெரியாமல் யாரும் ஆற்றில் விடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆலைக்குக் கிழங்கு கொடுப்பவர்கள் நாம்தான். விலை பேசும்போது, "கழிவை எங்கே விடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்க நமக்கு உரிமை உண்டு.

கீழே: பிச்சாவரத்துக்கு நாம் அனுப்புவது என்ன?

சேலத்துக்காரருக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அலையாத்தி மரம் உப்புத் தண்ணீரில் நிற்கும். ஆனால், உப்பில் மட்டும் வாழாது. ஆற்றுநீர் வந்து உப்பைத் தணித்தால்தான் கன்று முளைக்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும். மேலே அணையிலும் ஏரியிலும் தண்ணீரை நிறுத்தி, மிச்சத்தில் கழிவைக் கலந்து அனுப்பினால் அங்கே காடு மெலியும்.

2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டின் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பு தேங்கிப் பட்டுப்போன இடங்களில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்டு, மறுபடி காடு வளர்த்ததும் அங்கே நடந்திருக்கிறது. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலகம் மதிக்கும் அந்தக் காட்டின் தண்ணீர்க் குழாயில் ஒரு முனை கல்வராயன் மலையில் இருக்கிறது.

பொறுப்பு யாருடையது?

காடு வனத்துறைக்கு. அணையும் ஆறும் நீர்வளத் துறைக்கு. சிறு ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு. சாக்கடை நகராட்சிக்கு. ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. பயிர் எங்களுக்கு. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் வேலை செய்கிறோம். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

நியூசிலாந்தில் 1989-ல் வட்டார மன்றங்களை அமைத்தபோது, பெரும்பாலும் ஆற்று வடிநில எல்லையையே மன்றத்தின் எல்லையாக வைத்தார்கள். ஆறு, கடற்கரை, மண்ணரிப்பு எல்லாவற்றையும் ஒரே மன்றம் கவனிக்கிறது. பிரான்சில் 1964 சட்டப்படி வடிநில வாரியாக முகமைகள் உண்டு. தண்ணீர் எடுப்பவரும் மாசு செய்பவரும் கட்டும் பணம் அதே வடிநிலத்தைச் சீர்செய்யச் செலவாகிறது.

நமக்கும் இது புதிதல்ல. 2007-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தில், முதலில் எடுத்துக்கொண்ட உபவடிநிலங்களில் மேல் வெள்ளாறும் ஒன்று. அதாவது நம் வசிஷ்ட நதி, சுவேதா நதிப் பகுதி. பொதுப்பணி, வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், கால்நடை, மீன்வளம், பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே வரைபடத்தை வைத்து உட்கார்ந்து பேசிய காலம் அது. செம்மை நெல்லும் சொட்டுநீரும் பல வயல்களுக்கு வந்தன. ஆனால் அதில் முக்கியமாகப் பேசப்பட்டது பாசனம். காடும் கழிவுநீரும் ஓரத்தில்தான் இருந்தன. அந்த ஒரே வரைபடம் இப்போதும் வேண்டும். இந்தமுறை மலையும் முகத்துவாரமும் அதில் இருக்க வேண்டும்.

தண்ணீரின் அளவுக்கு நாம் பணம் செலவழிக்கத் தயங்குவதில்லை. மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றிக் கொண்டுவரும் திட்டத்தின் மதிப்பு 565 கோடி ரூபாய். நல்ல திட்டம், வறண்ட ஏரிகளில் தண்ணீர் பார்த்த விவசாயிக்கு அதன் அருமை தெரியும். அதே அக்கறை தண்ணீரின் தரத்துக்கும் வந்தால்தான் நிரம்பிய ஏரி பயன் தரும்.

நாம் செய்யக்கூடியவை

1. சரிவு நிலத்தில் மரவள்ளி போடுபவர்கள் சரிவுக்குக் குறுக்கே பார் பிடியுங்கள். இடையிடையே வெட்டிவேர் வரிசை அல்லது கல்வரப்பு. முதல் மூன்று மாதத்துக்குத் தட்டைப்பயறு, உளுந்து, சின்ன வெங்காயம் என்று ஏதாவது ஊடுபயிர் தரையை மூடட்டும். ஒரு பகுதியிலாவது சாமை, தினையைச் சுழற்சியில் வையுங்கள்.

2. ஓடையோர, ஆற்றோரப் பட்டா நிலம் உள்ளவர்கள் கரையை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டு நீர்மருது, நாவல், புங்கன், அத்தி, இலுப்பை, நொச்சி வையுங்கள். வேலிக்குக் கிளுவை. ஏரிக்கரைக்குப் பனை. இவை இந்த மண்ணின் மரங்கள். வெள்ளத்தில் கரையைப் பிடித்து நிற்கும்.

3. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் மறுபடி அதுவே வரும். அந்தப் பருவத்திலேயே நம் மரத்தை நட்டுவிடுங்கள்.

4. விவசாயிகளின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. பாசனச் சங்கம் இருக்கும் ஊரில் அதைத் தூங்கவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு ஆற்றுநீர்ப் பரிசோதனை கேட்டுத் தீர்மானம் போடுங்கள். மேலூரும் கீழூரும் ஒரே தீர்மானத்தைப் போட்டு, மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒன்றாகக் கொடுத்தால் அதற்கு எடை அதிகம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கிணறு ஆற்றோரம் இருக்கிறது. தண்ணீரை எப்படிப் பரிசோதிப்பது?

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை கழுவி, நிரப்பி மூடுங்கள். பெயர், சர்வே எண், பயிர், தேதி எழுதி அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவில் இ.சி. என்ற எண்ணைப் பாருங்கள். 0.75 வரை கவலையில்லை. 0.75 முதல் 2.25 வரை வடிகால் உள்ள நிலத்தில், உப்பு தாங்கும் பயிருக்கு மட்டும். 2.25-க்கு மேல் சாதாரண சாகுபடிக்கு ஆகாது. சோடியம் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் எவ்வளவு என்பதை முடிவைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பரிசோதனை பாசனத்துக்கு மட்டும். குடிக்கலாமா என்பதற்குக் குடிநீர் ஆய்வகம் தனி.

ஆலைக் கழிவுநீரை இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். தென்னைக்கு விடலாமா?

சுத்திகரிக்காததை ஒரு குடம்கூட விடாதீர்கள். பொது விதிப்படி ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. 30-க்குள், நிலத்தில் பாய்ச்சுவதில் 100-க்குள் இருக்க வேண்டும். கார அமில நிலை 5.5 முதல் 9 வரை. ஆய்வு அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். சரியாக இருந்தாலும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். கிணற்றுக்கு அருகில் வேண்டவே வேண்டாம். இன்றைக்கு இலவசம், நாளைக்குக் கிணறு போனால் விலை கட்ட முடியாது.

ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

தாராளமாக. வட்டாட்சியர் அனுமதியோடு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை கட்டணமின்றி எடுக்க வழி உண்டு. ஆனால், சாயமோ ஆலைக்கழிவோ வந்த ஏரி என்றால் முதலில் வண்டலைப் பரிசோதியுங்கள். மலையிலிருந்து வந்த மேல்மண்ணை மறுபடி வயலில் சேர்ப்பது நல்ல காரியம். விஷத்தைச் சேர்ப்பது அல்ல.

மரம் வைத்தால் பின்னால் வெட்ட விடுவார்களா? கன்றுக்கு உதவி உண்டா?

நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50, தோப்பாக வைத்தால் 160 கன்றுகள் என்ற கணக்கில் இலவசமாகத் தரப்பட்டன. பிழைத்த கன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் தலா 7 ரூபாய் ஊக்கத்தொகை. இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்று உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, உழவன் செயலியில் பதியுங்கள். சந்தனத்துக்குத் தனி அனுமதி வேண்டும். மலைக்கிராமமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, வெட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

தலைவாசல் விவசாயியின் தண்ணீர்ப் பரிசோதனையில் உப்பு வரம்பை மீறியிருந்தது. மஞ்சளுக்கு வேண்டாம் என்று சொன்னேன். இருக்கும் நல்ல போர் தண்ணீரைச் சொட்டுநீரில் அரை ஏக்கருக்கு மட்டும் கட்டிக்கொண்டு, மீதியில் மானாவாரி போட்டிருக்கிறார். அரை ஏக்கர் மஞ்சள் தப்பியது, கிணறு தப்பவில்லை.

மலையில் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைக்கும் இந்தக் கிணற்றுக்கும் நடுவில் ஓர் ஆற்றின் தூரம் இருக்கிறது. இப்போது மலைக்கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் முதலில் வெட்டிவேர் பற்றிப் பேசுகிறேன், பிறகுதான் ரகம், உரம். தாமதம்தான். இருந்தாலும், இந்த மழைக்கு முன் உங்கள் ஓடைக்கரையில் பத்து நீர்மருது நட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்து, முடிவைக் கிராமசபையில் படித்துக் காட்டுங்கள். வசிஷ்ட நதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு முதல் பதில் அங்கிருந்து வரட்டும்.